எக்ஸ்ரே வண்டிக்கு ரப்பர் போட்ட கதை

எனக்கு ஆச்சரியம் சீக்கிரம் வந்துவிடும். வீட்டில் இதை ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். கிணற்றில் மோட்டார் இறக்கினாலும் நின்று பார்ப்பேன், தெருவில் குடைக்குக் கம்பி மாட்டினாலும் நின்று பார்ப்பேன். அப்படிப்பட்டவனை மருமகள் கலா போன மாதம் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போனாள். அவள் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பத்தாரை உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டுவார்கள்.

அங்கே ஓர் இயந்திரக் கை முன்கண்ணாடியை உறிஞ்சித் தூக்கியது. இன்னொன்று கண்ணாடியின் ஓரம் முழுக்கக் கறுப்புப் பசையைப் பிழிந்தது. அப்படியே கொண்டுபோய்க் காரின் முகத்தில் வைத்து அழுத்தியது. ரப்பர் கிடையாது, கயிறு கிடையாது, சோப்புத் தண்ணீர் கிடையாது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் ஆயுசெல்லாம் பார்த்த வேலையை அது ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் முடித்துவிட்டது. வருத்தமா என்று கேட்டார்கள். வருத்தம் என்ன வருத்தம், கைதட்டலாம்போல இருந்தது.

கலாவுக்கு அதற்கு அடுத்த இடத்தில் வேலை. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் காரை நிறுத்தி நாலாபக்கமும் மழைபோல் தண்ணீர் அடிப்பார்கள். உள்ளே ஒரு சொட்டு இறங்கினாலும் காரைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவளுக்கு.

"மாமா, ஒங்க காலத்துல லீக் டெஸ்ட்டு எப்டி பண்ணுவீங்க?"

"ஒரு ஆளு சலவ சட்ட போட்டுகினு உள்ள ஒக்காருவாரும்மா. மேல தண்ணி ஊத்துவோம். சட்ட நனையலன்னா பாஸு."

அவளோடு வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சட்டைக்காரரைப் பற்றிக் கேட்டார்கள். அங்கே இரைச்சலில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதச் சொல்லி மூன்று வாரமாகக் கலா விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் ரோட்டு ஓரமாக இருந்த ஒரு பஸ் பாடி கட்டும் பட்டறையில் நான் கண்ணாடி ஃபிட்டர். வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துருவைச் சுரண்டினேன், திட்டு வாங்கினேன், மறுபடியும் சுரண்டினேன். கண்ணாடிப் பகுதிக்கு மேஸ்திரி சவரிமுத்து. மெலிந்த குரல், அகலமான உள்ளங்கை. என்னோடு சேர்ந்து வேலை பார்த்தவன் பாஷா. அவன் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

பழைய பஸ்களுக்குக் கண்ணாடி ரப்பர் மாற்றுவதுதான் எங்களுக்கு முக்கிய வேலை. வெயிலிலும் மழையிலும் ஓடி ஓடி ரப்பர் காய்ந்து, வறண்டு, மூலைகளில் வாய் பிளந்துவிடும். அதைக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். தகர விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, சிவப்புப் பெயிண்ட் அடித்துக் காயவிட வேண்டும். புது ரப்பரை வெயிலில் சுருளாகப் போட்டு வைப்போம், சூடேறினால் சொன்னபடி கேட்கும். அளவுக்குமேல் ஒரு விரல் நீளம் விட்டு அறுத்து, நெருக்கித் திணிப்பார் மேஸ்திரி. "ரப்பரு நாளைக்கி சுருங்கும்டா, நாம இன்னிக்கே குடுத்து வெச்சிரணும்" என்பார். எண்ணெய் தொடக் கூடாது, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் மட்டும்தான்.

பிறகு வருவதுதான் வித்தை. ரப்பரில் இரண்டு பள்ளம் உண்டு. ஒன்றில் கண்ணாடி உட்காரும். மற்றதில் வண்டியின் தகர விளிம்பு உட்கார வேண்டும். ரப்பர் மாட்டிய கண்ணாடியை வெளியிலிருந்து ஜன்னல் ஓட்டையில் வைத்தால் ரப்பரின் உள் உதடு தகரத்துக்கு வெளியிலேயே மடங்கி நிற்கும். அதை உள்ளே கொண்டுவர முன்கூட்டியே தகர விளிம்புக்கான பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையையும் உள்ளே தொங்கவிடுவோம். உள்ளே இருப்பவன் கயிற்றை இழுக்க இழுக்க, கயிறு வெளியே வருகிற இடத்தில் உதடு தாவித் தகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே போகும். வெளியே இருப்பவர் சரியாக அதே இடத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டே வர வேண்டும். கயிறு முழுக்கக் கைக்கு வந்தால் கண்ணாடி வண்டியில் உட்கார்ந்திருக்கும். ஆணி இல்லை, திருகு இல்லை. முதல் தடவை இதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

மேஸ்திரிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கண்ணாடியைத் தொடுவதற்குமுன் எல்லாரும் மோதிரத்தைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். மோதிரம் பட்டால் கண்ணாடியில் கீறல் விழும், தட்டும்போது பட்டால் வெடிக்கும். மேஸ்திரியின் கல்யாண மோதிரம் விரலோடு விரலாக இறுகிப் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டு, திருகி, முகத்தைச் சுளித்துத்தான் கழற்றுவார்.

"மேஸ்திரி மோதரம் கயல்றதுக்குள்ள ஒரு பஸ்ஸையே கட்டி முட்சிரலாம்" என்பான் பாஷா.

கண்ணாடியைத் தூக்கியபின் யாரும் பேசக் கூடாது. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் இழு. கயிறு இழுக்கத் தொடங்குமுன் சோப்பு நுரை விரலோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். என்றைக்காவது ஒருநாள் அந்த நுரை கண்ணில் இறங்கப் போகிறது என்று பாஷா காத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் சட்டைச் சோதனை. துணிப்பையில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், கண்ணாடியை ஒட்டி உட்காருவார். நாங்கள் வாளி வாளியாக மேலே ஊற்றுவோம். கதவைத் திறந்து இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். அதில் ஒரு சொட்டு ஈரத்தை நான் பார்த்ததே கிடையாது. அவர் சொல்லும் தீர்ப்பு ஒரே ஒரு வார்த்தை: "ஒழுகல." அதைச் சொல்லும்போது கலெக்டர் உத்தரவு போடுவதுபோல இருக்கும்.

அப்படியிருக்கையில் ஒருநாள் வாலாஜாபாத் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து எக்ஸ்ரே வண்டி வந்தது. பழைய பஸ் ஒன்றை மாற்றிக் கட்டிய வண்டி. நடுவில் எக்ஸ்ரே மிஷின், பின்னால் படம் கழுவும் இருட்டறை. ஊர் ஊராகப் போய் டி.பி. இருக்கிறதா என்று மார்பைப் படம் பிடித்துப் பார்ப்பார்கள். அதன் பொறுப்பு எஸ்தர் அம்மா. மூக்குக்கண்ணாடி போட்டவர், நேராக நிற்பவர், தாம் சொல்வதில் பாதியைப் புருவத்தாலேயே சொல்லிவிடுபவர்.

"உள்ள எங்கயோ வெளிச்சம் வருது மேஸ்திரி. எடுக்கிற படமெல்லாம் பாழாப் போகுது" என்றார்.

இருட்டறைக்கு மூன்று ஜன்னல் இருந்தன. பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று. கண்ணாடிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பேசாமல் தகரம் அடித்து மூடிவிடலாமே என்றான் பாஷா. கூடாது என்றார் அம்மா. ஒரு தடவை கதவு சிக்கிக்கொண்டு, உள்ளே படம் கழுவிக்கொண்டிருந்தவர் மருந்து நெடியில் மயங்கிவிட்டாராம். பின்கண்ணாடியைத் தள்ளித்தான் அவரை வெளியே எடுத்தார்களாம். ரப்பரில் நிற்கும் கண்ணாடி தள்ளினால் வரும், தகரம் வராது.

மேஸ்திரியும் நானும் அம்மாவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். நல்ல வெயில் நேரம். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எதிர்ச் சுவரில் ஏதோ கலங்கலாக அசைந்தது. உற்றுப் பார்த்தேன். ஒரு மாட்டுவண்டி. தலைகீழாக. சக்கரம் மேலே சுழல, மாடுகள் கால் மேலாக நடக்க, வண்டிக்காரன் தலை கீழே தொங்க, அப்படியே சுவரில் ஊர்ந்து போனது. அதன் பின்னால் ஒரு சைக்கிள். அதன் பின்னால் தலையில் கட்டோடு ஒரு பெண். எங்கள் பெங்களூர் ரோடு முழுக்கச் சுவரில் கவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது.

"ஆண்டவரே" என்றார் மேஸ்திரி.

ரப்பரில் விழுந்திருந்த ஓர் ஊசித் துளை வழியாக வரும் வெளிச்சம் அப்படித்தான் வெளியிலிருப்பதைக் கவிழ்த்துக் காட்டும் என்று அம்மா விளக்கினார். எனக்கு விளக்கம் காதில் ஏறவில்லை. கிழிந்த ரப்பருக்குள் இப்படி ஒரு கண் இருந்திருக்கிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எத்தனை கிழிந்த ரப்பரைச் சுருட்டிக் குப்பையில் எறிந்திருக்கிறேன்! சேதி பரவி, பட்டறையே வேலையைப் போட்டுவிட்டு வரிசையில் வந்து பார்த்தது. பாஷா வெளியே ஓடிப்போய் ரோட்டில் கையைக் காலை ஆட்டி நடனமாடினான். தலைகீழாகப் பார்த்தால் அவன் கொஞ்சம் லட்சணமாகவே இருந்தான்.

மறுநாள் வேலையைத் தொடங்கினோம். மோதிரம் கழற்றும்போது மேஸ்திரி சோப்பைத் தேடவில்லை. விரலை லேசாக உதறினார், மோதிரம் டப்பாவில் விழுந்தது. பரவாயில்லையே, இன்றைக்கு நேரம் மிச்சம் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அவர் சட்டை தோளில் தொளதொளப்பாகத் தொங்கியதையும், அடிக்கடி ஓரமாகப் போய் இருமிவிட்டு வந்ததையும் கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. ரப்பர் சுருள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவி வைக்கும் சுண்ணப் பொடியில் எங்கள் எல்லாருக்குமே எப்போதும் இருமல்தான்.

சாதாரணமாகக் கயிறு இழுக்கும்போது உள்ளே இருப்பவனும் வெளியே இருப்பவரும் கண்ணாடி வழியாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இந்தக் கண்ணாடி கறுப்பு. நான் உள்ளே குருடன், அவர் வெளியே குருடர். கயிறு எங்கே வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. இரண்டு தட்டு கேட்டது. இழுத்தேன். கயிறு கீழ்ஓரத்தில் நகர்ந்தது. அதற்கு நேராக அவர் உள்ளங்கை விழுந்தது. மூலையில் திரும்பினேன். உள்ளங்கையும் திரும்பியது. வேண்டுமென்றே ஓரிடத்தில் நிறுத்தினேன். அங்கேயே அதுவும் நின்றது. மூன்று கண்ணாடியிலும் ஓரிடத்தில்கூட அவர் கை தப்பவில்லை. எப்படி என்று பிறகு கேட்டேன்.

"ஒதடு தாவறப்ப ஒரு சத்தம் வர்தில்ல? அது சொல்லும்டா."

அந்தச் சத்தத்தைக் கயிற்றைக் கையில் பிடித்திருந்த நானே கேட்டதில்லை.

தண்ணீர் ஊற்றினோம். மேஸ்திரி வெள்ளைச் சட்டையோடு இறங்கி முதுகைக் காட்டினார். காய்ந்த முதுகு. "ஒழுகல" என்றார்.

எஸ்தர் அம்மா புருவத்தைத் தூக்கினார். "தண்ணி எனக்கு எதிரி இல்ல மேஸ்திரி. வெளிச்சம்தான் எதிரி. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம். யாராவது வந்து நில்லுங்க."

"நான் போட்ட ரப்பரு. நானே நிக்கிறேன்" என்றார் மேஸ்திரி. சட்டையைக் கழற்றிப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, பலகையில் மார்பை ஒட்டி நின்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார் அம்மா. பிடித்தார். அவ்வளவுதான்.

அம்மா இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைக் கொண்டுவந்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நாங்கள் சூழ்ந்துகொண்டோம். ஓரமெல்லாம் சுத்தமாக இருந்தது. விலா எலும்புகள் வெள்ளை வெள்ளையாக, அடுக்கி வைத்ததுபோல. நெஞ்சு இரண்டு பக்கமும் கறுப்பாக. ஒரு மனுஷனின் உள்பக்கத்தை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறான் ஆண்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அதைப் பார்த்தேன். ஒரு பக்கம் தோள் எலும்புக்குக் கீழே, கறுப்பின் நடுவில், பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளையாக ஒரு திட்டு.

அம்மா படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். பிறகு மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்து, "இருமல் எத்தன நாளா இருக்கு?" என்றார்.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அந்த நாளில் அந்த வியாதியின் பெயரைச் சொன்னாலே போதும். பட்டறையில் தண்ணீர் டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள். குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். மேஸ்திரிக்குப் பெண்டாட்டி ரோசம்மாவும் வயசுக்கு வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஊர் வாயில் விழுந்தால் அந்தப் பெண்களைக் கேட்டு யார் வருவார்கள்?

பாஷாதான் முதலில் வாயைத் திறந்தான். "அரே, அது வெளிச்சம்மா! வெள்ளையாத்தான கீது? எங்கயோ ஓட்டைல வுழுந்துகீது. மேஸ்திரி, ஒயுகுதுன்னு சொல்லு. கயட்டிட்டு வேற போட்ருவோம்."

நானும் பிடித்துக்கொண்டேன். ஆமாம், வெளிச்சம் வெள்ளை, திட்டும் வெள்ளை. அன்றைக்கு முந்தின நாள்தான் வெளிச்சம் சுவரில் என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்திருந்தோம். ரப்பர் ஒழுகினால் மேஸ்திரிக்கு ஒன்றுமில்லை. ரப்பர் ஒழுகாவிட்டால் மேஸ்திரிக்கு வியாதி. எங்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

மேஸ்திரி தம் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

"ஒயுகுதுன்னுதாம்பா நெனைக்கிறேன்."

தம் வேலையைப் பற்றி அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பயம் ஒரு மனுஷனிடமிருந்து எதை வாங்கிக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

எஸ்தர் அம்மா மறுத்துப் பேசவில்லை. "சரி, உள்ள போய் ஒக்காந்து பாத்துடுவோம்" என்றார்.

வண்டியைப் பட்டறை மைதானத்தின் நடுவில், நேர் வெயிலில் நிறுத்தினான் பாஷா. அம்மா, மேஸ்திரி, நான், மூவரும் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டோம். அம்மா சிவப்பு விளக்கையும் அணைத்தார்.

இருட்டை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரவில் நாம் பார்ப்பதெல்லாம் இருட்டே இல்லை. அங்கே என் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன், கை இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். வெளியே மண்டை பிளக்கும் வெயில் என்பதை அறிவுதான் சொன்னதே தவிர, உடம்பு நம்பவில்லை. மூன்று ஜன்னலைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர், அவ்வளவுதான் நடுவில். அது சூரியனையே நிறுத்தி வைத்திருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் கொண்டாடியிருப்பேன். அன்றைக்கு நான் ஓட்டையைத் தேடினேன். ஓரம் ஓரமாக, மூலை மூலையாக, ஆண்டவனே, ஒரு ஊசிமுனை வெளிச்சம் காட்டு, நாங்கள் போட்டது தப்பாக இருக்கட்டும், மட்டமான வேலையாக இருக்கட்டும் என்று தேடினேன். என் தொழிலில் வேறெப்போதும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. அப்போது பின்ஜன்னல் மூலையில் ஒரு புள்ளி மினுங்கியது.

"அதோ! அதோ மேஸ்திரி!" என்று கத்தினேன்.

"ஏழுமலை, தலைய மெதுவா அசைங்க" என்றது அம்மாவின் குரல். "புள்ளி நின்ன எடத்துலயே நின்னா அது செவுத்துல இருக்கு. ஒங்க கூடவே வந்தா அது ஒங்க கண்ணுல இருக்கு."

அசைத்தேன். புள்ளி கூடவே வந்தது. இந்தப் பக்கம் அசைத்தேன். இந்தப் பக்கமும் வந்தது. மறுபடி மறுபடி அசைத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேச்சு நின்றதும் ஒரு சத்தம் கேட்டது. மேஸ்திரியின் மூச்சு. உள்ளே போகும்போது லேசாக ஒரு கிறீச்சல். எத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறேன், கேட்டதே இல்லை. அவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். ரப்பர் உதடு தாவும் சத்தத்தைக் கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட காதல்லவா அது!

நெடுநேரம் கழித்து இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது. பழைய குரல், தீர்ப்புச் சொல்லும் குரல்.

"ஒழுகல."

கதவைத் திறந்தார்கள். வெளிச்சம் கண்ணை அறைந்தது. எஸ்தர் அம்மா படத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"ஒண்ணு சொல்லணும் மேஸ்திரி. ஃபிலிம்ல வெளிச்சம் பட்டா அந்த எடம் கருப்பாத்தான் ஆகும். வெள்ளையா ஆகாது. இது வெளிச்சத்தால வந்ததே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப மொதல்லயே ஒங்களுக்குத் தெரியுமாம்மா? தெரிஞ்சிகினேவா எங்க கூட உள்ள வந்து ஒக்காந்தீங்க?"

"என் அறை இருட்டா இருக்கான்னு நான் பாக்க வேண்டாமா? அதோட, நான் வாயால சொல்லியிருந்தா கடைசிவரைக்கும் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும். அவர் வேலையப் பத்தி அவர் சொன்னாத்தான் அவருக்கு நம்பிக்கை." பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். "பழைய ரப்பரோட இத எடுத்திருந்தா இந்த எடமெல்லாம் வெளிச்சம் பட்டுக் கருத்துப் போயிருக்கும். எனக்கே தெரிஞ்சிருக்காது. இப்பதான் ஆரம்பம், கொணப்படுத்திடலாம்."

மேஸ்திரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் போட்ட ரப்பருதான் என்ன காட்டிக் குட்த்துச்சா?" என்றார். அதில் வருத்தம் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சளிப் பரிசோதனையிலும் அதுவேதான் வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். எஸ்தர் அம்மா பட்டறையில் இருந்த எல்லாரையும், ரோசம்மாவையும் பெண்களையும் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார். எங்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. முதலாளியின் கணக்கப்பிள்ளை மேஸ்திரியின் டம்ளரை எறிந்துவிடச் சொன்னார். பாஷா அதை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கழுவி, எல்லாரும் பார்க்க அதில் டீ குடித்துவிட்டு, பழைய ஆணியிலேயே மாட்டினான். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மேஸ்திரி இல்லாத மாதங்களில் எக்ஸ்ரே வண்டி மறுபடி வந்தது. ஒரு கரும்பு லாரி பின்னால் எடுக்கும்போது இடித்து, இருட்டறையின் பின்கண்ணாடி நொறுங்கியிருந்தது. நானும் பாஷாவும்தான் போட்டோம். பாஷா உள்ளே கயிறு இழுத்தான், நான் வெளியே தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு காதைக் கண்ணாடியில் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, ரொம்பச் சின்னதாக, ஈர உதடு பிரிவதுபோல ஒரு சத்தம். கேட்டுவிட்டது! மேஸ்திரி சொன்ன சத்தம்! அந்தச் சந்தோஷத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டிய இடத்தில் இரண்டு தட்டிவிட்டேன், பாஷா உள்ளேயிருந்து திட்டினான்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் எக்ஸ்ரே வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. எஸ்தர் அம்மாவோடு மேஸ்திரி இறங்கினார். சிகிச்சை முடிந்திருந்தது. கன்னம் நிறைந்திருந்தது. அம்மா வண்டியிலேயே கடைசிப் படம் எடுத்திருந்தார். அதை வானத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பஞ்சுத் திட்டு இருந்த இடம் கறுப்பு. ஒரு மெல்லிய கோடு மட்டும் தழும்பாக நின்றது.

"நல்லாயிடுச்சு" என்றார் அம்மா. பாஷா மேஸ்திரியைக் கட்டிக்கொள்ளப் போனான்.

மேஸ்திரி கையைக் காட்டித் தடுத்தார். "இரு. பின்கண்ணாடி புதுசா கீதே, ரப்பரு யாரு போட்டது?"

"நான்தான் மேஸ்திரி" என்றேன்.

"வெளிச்சம் பட்டா ஃபிலிமு கருப்பாவும்னு இந்தம்மா அன்னிக்கி சொன்னாங்களா இல்லியா? இப்ப இந்த எடம் கருப்பா கீது. எனக்குக் கொணமாயி கருப்பா கீதா, நீ போட்ட ரப்பரு ஒயுகி கருப்பா கீதா?"

எஸ்தர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். படத்தின் ஓரத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சொல்லவில்லை. புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார், வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

மறுபடியும் வெயில் மைதானம். மறுபடியும் அந்த அறை. மேஸ்திரியும் நானும் மட்டும். சிவப்பு விளக்கு அணைந்தது. அன்றைக்கு ஒரு புள்ளி வெளிச்சமாவது வேண்டும் என்று எந்தச் சுவரில் தேடினேனோ, அதே சுவரில் இப்போது ஒன்றுமே இருக்கக் கூடாது என்று வேண்டினேன். நான் போட்ட ரப்பர், நான் திணித்த மூலை, நான் தட்டிய தட்டு. சட்டென்று நினைவு வந்தது, ஒரு தட்டுக்கு இரண்டாகத் தட்டிய இடம் எந்த மூலை? வலது பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தலையை அசைத்தேன். கூடவே வந்தது. கூடவே வந்தாயா, நீ நன்றாக இரு என்று அந்தப் புள்ளியை வாழ்த்தினேன்.

பக்கத்தில் மேஸ்திரி மெதுவாகத் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புவது சட்டைக் காலர் உரசலில் கேட்டது. அவர் அவசரப்படவில்லை. அவர் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. கிறீச்சல் இல்லை.

"ஒழுகல" என்றார்.

இத்தனை வருஷத்தில் யார் யாரோ பாராட்டியிருக்கிறார்கள், ஓய்வு பெற்றபோது மாலைகூடப் போட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக எதையும் வைக்க மாட்டேன். அவர் என் வேலையைச் சொன்னாரா, தம் உயிரைச் சொன்னாரா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி வேலைக்கு வந்தார். ஒரு பழைய பஸ் முன்கண்ணாடிக்காகக் காத்திருந்தது. பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். என் மோதிரத்தைப் போட்டேன், பாஷா போட்டான். மேஸ்திரி விரலை உதறினார். வரவில்லை. திருகினார். முகத்தைச் சுளித்து இன்னொரு தரம் திருகினார். பிறகு பாஷாவைப் பார்த்து எரிந்து விழுந்தார்:

"இன்னாடா பாத்துகினு நிக்கிற? சோப்பு எங்கடா?"

சோப்பு என் கையில்தான் இருந்தது. கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அவர் திருகுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.